மிஸ் ப்யூரி: பழசையே போடலாமா, புதுசா எழுதலாமா?

வொண்டர் உமனுக்குச் சில மாதம் முன்பே, 1941 ஏப்ரலில் டார்ப்பே மில்ஸ் என்ற பெண் ஓவியர் உருவாக்கிய காமிக்ஸ் நாயகி மிஸ் ப்யூரி. ஆனாலும் நந்தனம் புத்தகக் காட்சிக்கு வரும் காமிக்ஸ் பிரியர்களிலேயே பலருக்கு அவளைத் தெரியாது.

தமிழில் கொண்டுவந்தால் அந்தக் காலத்துச் செய்தித்தாள்களில் ஞாயிறுதோறும் வந்த பழைய காமிக்ஸ் பக்கங்களையே போடலாம். கருஞ்சிறுத்தைத் தோல் உடை, நகம், ஹை ஹீல்ஸோடு அவள் போடும் சண்டை, அப்புறம் பக்கத்துக்குப் பக்கம் மாறும் கவுன்கள், எல்லாம் மில்ஸின் கைவண்ணம். ஆப்பிரிக்க மந்திரவாதியிடமிருந்து வந்த உடை என்கிற சங்கதிதான் இன்றைக்கு உறுத்தும்.

புதுசாக எழுதினால் அந்தத் தொல்லை இல்லை. 2013-இல் டைனமைட் என்ற அமெரிக்க காமிக்ஸ் பதிப்பகம் அவளை நிகழ்காலத்துக்கே கூட்டிவந்தது. சரி, வேகம் உண்டு, மில்ஸ் இல்லையே! என் ஓட்டு பழசுக்கு, நல்ல முன்னுரையோடு. விலை மட்டும் ஐந்நூறைத் தாண்ட வேண்டாம்.