ஸ்டார்ட் ஆகாத பழைய பிக்கப்பும் டிசி கிளாம்ப் மீட்டரும்: ஒரு மதிப்புரை

பழைய டீசல் பிக்கப் ஒன்று சாவியைத் திருப்பியும் ஸ்டார்ட் ஆகாமல் நின்றால், பெரும்பாலான இடங்களில் நடப்பது ஊகத்தின் பேரில் பொருள்களை மாற்றுவதுதான். முதலில் பேட்டரி மாறும், அது பயன் தராதபோது செல்ஃப் மோட்டார் கழற்றப்படும், அதன் பிறகு அந்த மோட்டாருக்கு மின்சாரத்தை இணைத்துவிடும் காந்த சுவிட்சான சொலினாய்டு மாறும். கடைசியில் கோளாறு எஞ்சினுக்கும் சேஸிஸுக்கும் இடையே உள்ள எர்த் வயரில் இருந்தது என்று தெரியவரும். நல்ல நிலையில் இருந்த பொருள்கள் இப்படிக் கழிக்கப்படுவதைப் பலமுறை பார்த்த பிறகு, அளந்து பார்க்காமல் எதையும் கழற்றக் கூடாது என்ற முடிவுக்கு வந்தேன். அந்த முடிவை நடைமுறையில் சாத்தியமாக்கிய கருவி என்பதாலேயே, வயரைக் கழற்றாமல் வெளியிலிருந்து கவ்வியே மின்னோட்டத்தை அளக்கும் டிசி கிளாம்ப் மீட்டரைப் பற்றி விரிவாக எழுதுகிறேன். நான் பயன்படுத்துவது 600 ஆம்பியர் வரை அளக்கக்கூடிய, நடுத்தர வகையைச் சேர்ந்த மீட்டர். ஏறக்குறைய இதே வசதிகளோடு பல நிறுவனங்கள் தயாரிப்பதால், எந்தப் பெயர் பொறித்தது என்பதை விட்டுவிட்டு அது என்ன செய்கிறது, எங்கே தடுமாறுகிறது என்பதையே சொல்கிறேன்.

வாங்குவதற்கு முன் தெளிவாகத் தெரிந்துகொள்ள வேண்டியது ஒன்று உண்டு. கிளாம்ப் மீட்டர் என்ற பெயரில் விற்கப்படுபவற்றில் பல, வீட்டு மின்சாரம் போன்ற ஏசி மின்னோட்டத்தை மட்டுமே கவ்வி வழியாக அளக்கும். அவற்றின் டயலிலும் டிசி என்ற எழுத்து இருக்கும். ஆனால் அது வோல்டேஜுக்கு உரியது, ஆம்பியருக்கு உரியது அன்று. வண்டியில் ஓடுவது டிசி மின்னோட்டம். அதைக் கவ்வியால் அளக்க வேண்டுமானால் கவ்வியின் தாடைக்குள் காந்தப்புலத்தை உணரும் ஹால் சென்சார் இருக்க வேண்டும். ஆம்பியர் குறியின் பக்கத்தில் டிசிக்குரிய கோடும் புள்ளிக்கோடும் இருக்கிறதா, பூஜ்யப்படுத்தும் பொத்தான் தனியாக இருக்கிறதா என்ற இரண்டையும் பார்த்துவிட்டால் ஏமாற வாய்ப்பில்லை. பூஜ்யப்படுத்தும் பொத்தான் அலங்காரத்துக்கு வைக்கப்பட்டது அன்று. ஹால் சென்சாரைச் சுற்றியுள்ள இரும்புத் தாடை சிறிதளவு காந்தத்தன்மையைத் தேக்கிக்கொள்வதால், காலியாக இருக்கும்போதே மீட்டர் ஓரிரு ஆம்பியர் காட்டும். ஒவ்வொரு முறையும் கேபிளின் அருகே காலிக் கவ்வியைப் பிடித்துப் பூஜ்யமாக்கிய பிறகே கவ்வ வேண்டும்.

மீட்டரோடு வரும் சிவப்பு, கறுப்பு வயர்களை வைத்து முதலில் பேட்டரியின் வோல்டேஜைப் பார்க்க வேண்டும். சில மணி நேரம் ஓய்வில் இருந்த, முழுமையாகச் சார்ஜ் ஆன 12 வோல்ட் பேட்டரி 12.6 வோல்ட் காட்டும், 12.2 என்றால் ஏறக்குறைய பாதிதான் இருக்கிறது, 12.0க்குக் கீழே போயிருந்தால் வேறு எதையும் சோதிப்பதற்கு முன் சார்ஜ் ஏற்றியாக வேண்டும். ஆனால் ஓய்வில் 12.6 காட்டுகிறது என்பதாலேயே பேட்டரி நன்றாக இருக்கிறது என்று முடிவுகட்ட முடியாது. உள்ளே தகடுகள் தேய்ந்த பேட்டரியும் சும்மா இருக்கும்போது இந்த வோல்டேஜைக் காட்டும். செல்ஃப் எடுக்கும் கணத்தில் எட்டு, ஏழு என்று சரிந்துவிடும். ஆகவே ஒருவர் சாவியைத் திருப்ப, மற்றொருவர் டெர்மினலில் மீட்டரைப் பிடித்துப் பார்ப்பதே சரியான சோதனை. மிதமான வெப்பநிலையில் செல்ஃப் சுற்றும்போது 9.6 வோல்ட்டுக்குக் கீழே இறங்காமல் இருக்க வேண்டும். வயரின் முனையை டெர்மினலின் கவ்விமேல் வைக்காமல், பேட்டரியின் ஈயத் தூண்மேலேயே வைக்க வேண்டும். அப்போதுதான் கவ்விக்கும் தூணுக்கும் இடையே படிந்த வெள்ளைப் பொடியின் தடை அளவில் கலக்காது.

இதுவரை சொன்னதைச் சாதாரண மல்டிமீட்டரே செய்துவிடும். கிளாம்ப் மீட்டர் தன் மதிப்பைக் காட்டுவது செல்ஃப் மோட்டாருக்குப் போகும் தடித்த கேபிளில்தான். சாதாரண மல்டிமீட்டரின் ஆம்பியர் துளை பொதுவாக 10 ஆம்பியருக்கு மேல் தாங்காது. நான்கு சிலிண்டர் டீசல் எஞ்சினைச் சுற்றும் செல்ஃப் மோட்டாரோ 200 ஆம்பியருக்கு மேல் இழுப்பது இயல்பு. எந்த வயரையும் கழற்றாமல், கேபிளைக் கவ்விய நிலையிலேயே அந்த மின்னோட்டத்தைப் படிக்க முடிவது, கோளாறைத் தேடும் முறையையே மாற்றிவிடுகிறது. எஞ்சினின் அளவுக்கும் குளிருக்கும் ஏற்ப எண் மாறும் என்பதால், வண்டி நன்றாக ஓடும் காலத்திலேயே ஒருமுறை அளந்து எழுதி வைத்துக்கொள்வது நல்லது. அந்த எண்ணோடு ஒப்பிட்டால் வண்டி என்ன சொல்கிறது என்பது விளங்கும்.

எஞ்சின் மெதுவாகச் சுற்றுகிறது, ஆனால் மின்னோட்டம் வழக்கத்தைவிட மிக அதிகம் என்றால் செல்ஃப் மோட்டாரின் உள்ளே புஷ் தேய்ந்து ஆர்மேச்சர் உரசுகிறது, அல்லது சுருள் ஷார்ட் ஆகியிருக்கிறது, அல்லது எஞ்சினே இறுகியிருக்கிறது. மெதுவாகச் சுற்றும்போது மின்னோட்டமும் குறைவாக இருந்து, பேட்டரியின் வோல்டேஜ் மட்டும் உயர்ந்தே நிற்குமானால், வழியில் எங்கோ தடை இருக்கிறது: துருப்பிடித்த டெர்மினல், உள்ளே அறுந்த கேபிள், தேய்ந்த கார்பன் பிரஷ் போன்ற ஏதாவது ஒன்று. ‘டக்’ என்று ஒரே ஒரு சத்தம் கேட்டு மின்னோட்டம் ஏறக்குறைய ஏறவே இல்லையென்றால், சொலினாய்டுக்குள் இருக்கும் செம்புத் தொடுமுனைகள் கருகியிருக்க வாய்ப்பு அதிகம். சத்தமே கேட்கவில்லை, மின்னோட்டமும் இல்லை என்றால் உடனே செல்ஃப் மோட்டாரைக் கழற்ற வேண்டியதில்லை. இக்னிஷன் சுவிட்ச், கிளட்ச் சுவிட்ச், ரிலே, அவற்றுக்கு இடையேயான மெல்லிய வயர் என்று வேறு பக்கம் தேட வேண்டும். வண்டிக்கு அடியில் படுத்து ஒரு நட்டைக்கூடக் கழற்றாமல் இவ்வளவையும் பிரித்தறிய முடிகிறது என்பதுதான் இந்தக் கருவியை நான் இவ்வளவு விரும்பக் காரணம்.

மேலே சொன்ன இரண்டாவது நிலை எங்கள் பிக்கப்பில் அப்படியே நேர்ந்தது. செல்ஃப் முனகிக்கொண்டு சுற்றியது, மீட்டரில் 150 ஆம்பியர்தான், பேட்டரியோ 11.3 வோல்ட்டில் உறுதியாக நின்றது. பேட்டரி தளரவில்லை என்றால் வோல்டேஜ் வழியில் எங்கோ தொலைகிறது என்று பொருள். கறுப்பு வயரைப் பேட்டரியின் நெகட்டிவ் தூணிலும் சிவப்பு வயரை எஞ்சின் பிளாக்கில் சுரண்டிய ஓர் இடத்திலும் வைத்துவிட்டுச் சாவியைத் திருப்பச் சொன்னபோது 2.4 வோல்ட் காட்டியது. அந்தப் பக்கத்தில் 0.2 வோல்ட்டுக்கு மேல் இழப்பு இருக்கக் கூடாது. சேஸிஸிலிருந்து எஞ்சினுக்கு வரும் பின்னல் எர்த் வயரின் போல்ட்டைக் கழற்றியதும், வெளியே பளிச்சென்று இருந்த அதன் முனை வளையத்துக்கு அடியில் பச்சை நிறப் பொடி அடையாகப் படிந்திருப்பது தெரிந்தது. இரண்டு பரப்புகளையும் எமரித் தாளால் தேய்த்து இறுக்கிய பிறகு இழப்பு 0.1 வோல்ட்டாகக் குறைந்தது. மின்னோட்டம் 200ஐத் தாண்டியது. எஞ்சின் உடனே பிடித்துக்கொண்டது.

இந்த எண்களில் கவனிக்க வேண்டிய செய்தி ஒன்று இருக்கிறது. 150 ஆம்பியர் ஓடும்போது 2.4 வோல்ட் தொலைகிறது என்றால், அந்த இணைப்பின் தடை வெறும் 0.016 ஓம். மீட்டரின் சோதனை வயர்களுக்கே 0.2 ஓம் அளவுக்குத் தடை இருப்பது வழக்கம். ஆகவே அதே எர்த் வயரை ஓம் நிலையில் வைத்துச் சோதித்திருந்தால், ‘பீப்’ சத்தத்தோடு இணைப்பு மிக நன்றாக இருப்பதாகவே மீட்டர் காட்டியிருக்கும். தடித்த கேபிள்களை ஓம் நிலையில் சோதித்துவிட்டு அவை சரியாக உள்ளன என்று சொல்பவர்களின் முடிவை நான் ஏற்பதில்லை. மின்னோட்டம் ஓடும்போது அளந்தால் மட்டுமே இத்தகைய கோளாறு வெளிப்படும்.

குளிர்ந்த டீசல் எஞ்சினின் சிலிண்டரைச் சூடேற்றும் ஹீட்டர் பிளக்குகளின் சோதனையிலும் இந்த மீட்டர் மிகச் சிறப்பாக உழைக்கிறது. பல பழைய டீசல் எஞ்சின்களில் நான்கு பிளக்குகளுக்கும் பொதுவாக ஒரே வயர் வரும். அதைக் கவ்விவிட்டுச் சாவியை ஆன் நிலைக்குக் கொண்டுவந்தால், முதலில் உயர்ந்து, பிளக்குகள் சூடேறச் சூடேற இறங்கும் எண் தெரியும். ஒரு பிளக் ஏறக்குறைய 10 ஆம்பியர் இழுக்கும் என்று கொண்டால் நான்குக்கும் 40ஐ ஒட்டி நிற்க வேண்டும். 20 மட்டுமே வந்தால் இரண்டு எரிந்துபோயிருக்கின்றன. குளிர்ந்த காலையில் செல்ஃப் நன்றாகச் சுற்றியும் வெண்புகை மட்டும் வந்து எஞ்சின் பிடிக்காத வண்டிகளில், இந்தச் சோதனையை எல்லாவற்றுக்கும் முன்னால் செய்துவிடலாம். எஞ்சின் ஓடத் தொடங்கிய பிறகு டெர்மினலில் 13.8 முதல் 14.5 வோல்ட் வரை இருக்கிறதா, பேட்டரி கேபிளில் மின்னோட்டம் திரும்பி உள்ளே போகிறதா என்பதையும் பார்த்துவிட்டால் ஆல்டர்னேட்டரின் நிலையும் தெரிந்துவிடும்.

குறைகளையும் சொல்லியாக வேண்டும். இரவில் நிற்கும்போதே பேட்டரியை வடிக்கும் கசிவைக் கண்டுபிடிக்க இந்த மீட்டரை நம்ப முடியாது. 50 மில்லி ஆம்பியருக்குள் இருக்க வேண்டிய கசிவை, 600 ஆம்பியருக்காக வடிவமைத்த கவ்வி துல்லியமாகக் காட்டுவதில்லை. பூஜ்யத்தின் தள்ளாட்டமே அதைவிடப் பெரிது. அதற்குச் சிறிய அளவுக்கென்றே வரும் கவ்வியோ, மில்லி ஆம்பியர் துளை உள்ள மல்டிமீட்டரோ வேண்டும். மற்றொரு குறை வேகம். திரையின் எண் ஒரு நொடிக்கு மூன்று முறைக்கு மேல் மாறுவதில்லை. ஆகவே செல்ஃப் மோட்டார் அசையத் தொடங்கும் கணத்தில் பாயும் பெரும் மின்னோட்டம் கண்ணில் படுவதே இல்லை. மிக உயர்ந்த எண்ணைத் திரையில் நிறுத்திவைக்கும் மேக்ஸ் பொத்தான் ஓரளவுக்கு உதவும். கோளாறு கண்டுபிடிக்கச் சீராகச் சுற்றும்போது வரும் எண்ணே போதும் என்பதால் இதைப் பெரிய குறையாக நான் கருதவில்லை.

எரிபொருள் பக்கக் கோளாறுகளில் இந்த மீட்டருக்கு வேலை மிகக் குறைவு. டீசல் லைனில் காற்று புகுந்திருந்தாலும், ஃபில்டர் அடைத்திருந்தாலும், நாசில் தேய்ந்திருந்தாலும் டீசலை ஏற்றும் கைப்பம்பான பிரைமரை அடித்துப் பார்த்தும், நட்டைத் தளர்த்தி டீசல் குமிழின்றி வருகிறதா என்று பார்த்தும்தான் அறிய வேண்டும். பம்பில் டீசலைத் திறந்து அடைக்கும் ஸ்டாப் சொலினாய்டுக்குச் சாவி ஆன் நிலையில் 12 வோல்ட் வருகிறதா என்பதை மட்டும் மீட்டரால் பார்த்துவிடலாம். சிறிய சோதனைதான், ஆனால் பம்பையே கழற்றும் வேலையைச் சில சமயம் மிச்சப்படுத்திவிடும்.

கட்டமைப்பில் குறை சொல்ல அதிகம் இல்லை. திரையின் பின்னொளி போதுமானது. உடன் வந்த சோதனை வயர்கள்தாம் விறைப்பாகவும் குட்டையாகவும் இருந்தன; முதலைக் கவ்வி பொருத்திய மிருதுவான சிலிக்கோன் வயர்களாக மாற்றிய பிறகு தனியாளாகவும் சோதிக்க முடிகிறது. தாடை எவ்வளவு அகலம் திறக்கிறது என்பதையும் பார்த்து வாங்க வேண்டும். பேட்டரிக்கும் உறைக்கும் இடையே கேபிள் நெருக்கிக்கொண்டு போகும் வண்டிகளில் தடித்த தாடை நுழைவதில்லை. மீட்டரின் உள்பேட்டரி வலுவிழந்தால் அளவுகள் தவறும் என்பதால், திரையில் பேட்டரிக் குறி தெரிந்த உடனே அதை மாற்றிவிட வேண்டும்.

சோதிக்கும்போது வண்டி நியூட்ரலில், கைபிரேக் போட்ட நிலையில் இருக்க வேண்டும். எஞ்சின் ஸ்டார்ட் ஆகிவிடாமல் செல்ஃப் மட்டும் சுற்ற வேண்டுமானால் டீசல் வண்டியில் ஸ்டாப் சொலினாய்டின் வயரையும், பெட்ரோல் வண்டியில் இக்னிஷன் காயிலுக்கு வரும் 12 வோல்ட் வயரையும் கழற்றி வைக்கலாம். ஸ்பார்க் பிளக்குக்குப் போகும் உயர் அழுத்த வயரில் மீட்டரின் முனையை ஒருபோதும் வைக்கக் கூடாது. அங்கே வருவது பல ஆயிரம் வோல்ட். ஒரு முறைக்குப் பத்து நொடிக்கு மேல் செல்ஃப் அடிக்காமல், அடுத்த முறைக்கு முன் மோட்டார் ஆற இடைவெளி விட வேண்டும்.

எப்போதாவது ஒருமுறை மட்டும் வண்டியின் அடியைப் பார்ப்பவருக்குச் சாதாரண மல்டிமீட்டரே போதும். எர்த் வயரின் வோல்டேஜ் இழப்பை அதுவும் காட்டும். பழைய டீசல் பிக்கப்பை அன்றாட வேலைக்கு நம்பியிருப்பவருக்கும், இத்தகைய வண்டிகளைப் பழுதுபார்த்துத் தருபவருக்கும் டிசி கிளாம்ப் மீட்டரைத் தயக்கமின்றிப் பரிந்துரைக்கிறேன். 400 ஆம்பியர் வரை மட்டும் அளப்பவை, குளிரில் இறுகிய பெரிய டீசல் எஞ்சின்களில் எல்லையைத் தொட்டுவிடக்கூடும் என்பதால் 600 ஆம்பியர் வகையையே தேர்ந்தெடுக்கலாம். வாங்கும் இடத்திலேயே ஏதேனும் ஒரு வண்டியின் ஹெட்லைட்டைப் போடச் சொல்லி, பேட்டரியின் ஒரு கேபிளை மட்டும் கவ்விப் பார்த்தால், அது உண்மையிலேயே டிசி ஆம்பியர் காட்டுகிறதா என்பது அங்கேயே தெரிந்துவிடும்.