கடல் காற்றில் ஒரு பிபிசி மைக்ரோ

ஏகார்ன் என்ற பிரிட்டிஷ் நிறுவனம் 1981-ல் கொண்டுவந்த வீட்டுக் கம்ப்யூட்டர் பிபிசி மைக்ரோ, மாடல் பி. 2 மெகாஹெர்ட்ஸ் 6502 பிராசஸர், 32 கிலோபைட் ரேம். பள்ளிகளில் கம்ப்யூட்டர் சொல்லிக்கொடுக்க 1984-ல் மத்திய அரசு தொடங்கிய கிளாஸ் (CLASS) திட்டத்தில் நம் பள்ளிகளுக்கு வந்ததும் இதே மெஷின்தான். திருவான்மியூரில் கடலுக்குப் பக்கத்தில் இருக்கும் என் வீட்டில் பல வருஷமாக ஓடுகிறது. வயசு இதை ஒன்றும் செய்யவில்லை. உப்புக் காற்றுதான் பகை.

பழைய மெஷின் கைக்கு வந்தால் உடனே பிளக்கைச் சொருகாதீர்கள். பவர் சப்ளையைத் திறந்து, வீட்டு மின்சாரம் நுழையும் இடத்தில் இருக்கும் காகித வகை கெப்பாசிட்டர்களை முதலில் மாற்றுங்கள். மேலுறையில் மயிரிழை விரிசல் விட்டு, உள்ளே ஈரம் ஏறியிருக்கும். ஸ்விட்ச் போட்ட கொஞ்ச நேரத்தில் வெடித்து, வீடெல்லாம் புகை. புதுசு சென்னை எலக்ட்ரானிக்ஸ் சந்தையான ரிச்சி ஸ்ட்ரீட்டில் சல்லிசாகக் கிடைக்கும், ஃபிலிம் வகை எக்ஸ்2 என்று கேட்டு வாங்குங்கள்.

அடுத்தது சிப்புகளின் கால்கள். ஆன் செய்ததும் தாழ்ந்த ஒரு சத்தம், பின்னாலேயே ஒரு பீப், இரண்டும் கேட்க வேண்டும். முதல் சத்தமே நிற்காமல் இழுத்துக்கொண்டிருந்தால் மெஷின் கிளம்பவில்லை என்று அர்த்தம். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் இது எனக்கு வழக்கம். சாக்கெட்டிலிருந்து ரோம் (ROM, நிரந்தர நினைவக) சிப்பை மெல்ல நெம்பி எடுத்தால் கால்கள் கறுத்திருக்கும். ஐபிஏ (ஐசோபுரொப்பைல் ஆல்கஹால்) தொட்டுத் துடைத்து, கால் மடங்காமல் திரும்ப அழுத்தினால் பெரும்பாலும் சரியாகிவிடும். வாரம் ஒருமுறையாவது ஒரு மணி நேரம் ஓட்டுகிறேன், அந்தச் சூட்டிலேயே ஈரம் போய்விடுகிறது. கண்ணாடி அலமாரியில் பூட்டி வைப்பது எனக்குச் சம்மதமே இல்லை.

இதில் புரோகிராமைக் கேசட்டிலிருந்து ஒலியாக ஏற்றுவார்கள். அதற்குக் கேசட் பிளேயர் தேவையில்லை, செல்போனின் ஆடியோவே போதும். ஒயருக்காக ஏழு பின் டின் (DIN) பிளக் கேட்டபோது, "அஞ்சு பின்னே போதும் சார், மிச்ச ரெண்டும் கேசட் மோட்டாருக்கு" என்றார் ரிச்சி ஸ்ட்ரீட் கடைக்கார அண்ணன். அவர் சொன்னது சரி. விநாடிக்கு 1200 பிட் வேகம். 20 கிலோபைட் புரோகிராம் ஏற மூன்று நிமிஷம் ஆகும். இதன் பேசிக் (BASIC) புரோகிராம் மொழியை எழுதிய சோஃபி வில்சன்தான் ஸ்டீவ் ஃபர்பருடன் சேர்ந்து இன்றைய செல்போன்களில் இருக்கும் ஏஆர்எம் (ARM) வகை பிராசஸரை வடிவமைத்தார். 1985 ஏப்ரலில் வந்த முதல் ஏஆர்எம் சிப்பை ஒரு பிபிசி மைக்ரோவோடு இணைத்துத்தான் ஓட்டிப் பார்த்தார்கள். இன்று அந்த வம்சத்துச் சிப் உள்ள போன் இதற்கு புரோகிராம் ஊட்டுவதைப் பார்க்க எனக்கு இன்னும் அலுக்கவில்லை.

பேசிக்குக்குள்ளேயே சதுர அடைப்புக்குறி போட்டு, பிராசஸருக்கே நேரடியாகக் கட்டளை தரும் அசெம்பிளி மொழியில் எழுதலாம் என்பதுதான் என்னைக் கட்டிப்போட்ட விஷயம். ஒன்பதாவது படிக்கும் அக்கா மகள், ஒரே வேலையைப் பேசிக்கிலும் அசெம்பிளியிலும் எழுதி ஓட்டிப் பார்த்துவிட்டு, "மாமா, அசெம்பிளி ஏன் இவ்வளவு சீக்கிரம் முடியுது?" என்றாள். அன்று ராத்திரி சாப்பாடு ஆறும்வரை பிராசஸருக்குள் இருக்கும் குட்டி நினைவிடமான ரெஜிஸ்டர் பற்றித்தான் பேச்சு.

அமெரிக்க மெஷின் என்றால் 110 வோல்ட் டிரான்ஸ்ஃபார்மர் தேடணும். இது நம் வீட்டு மின்சாரத்திலேயே ஓடும். பழைய கம்ப்யூட்டர் சேர்க்க ஆரம்பிப்பவர்கள் முதல் மெஷினாக இதையே வாங்கலாம்.