உறுப்பு தானத்துக்கு ஆன்லைனில் பதிவு செய்தோம்: காரைக்குடியிலிருந்து ஒரு ரிவ்யூ

நோட்டோ என்று சொல்கிற மத்திய அரசின் உறுப்பு மாற்று அமைப்பின் இணையதளத்தில் நானும் ஆத்தாவும் உறுப்பு தான உறுதிமொழி பதிவு செய்தோம். ஐந்துக்கு நாலு தரலாம். அந்த ஒரு மார்க்கை எங்கே குறைத்தேன் என்பதைச் சொல்லத்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

வேலை சுலபம். ஆதார் எண், போனுக்கு வரும் ஓடிபி, அப்புறம் எதையெல்லாம் கொடுக்கிறோம் என்ற பட்டியல். இதயம், நுரையீரல், கல்லீரல், சிறுநீரகம், கணையம், குடல் என்று ஒரு வரிசை. கருவிழி, தோல், எலும்பு, இதய வால்வு என்று இன்னொரு வரிசை. மொத்தமாகவும் தரலாம், விருப்பப்பட்டதை மட்டும் டிக் அடிக்கலாம். பைசா செலவில்லை, அட்டையை உடனே டவுன்லோடு செய்துகொள்ளலாம். ஆத்தாவுக்கு நான்தான் ஒவ்வொன்றாக வாசித்துச் சொன்னேன். இதற்கு முன்னால் ஊரில் ஒரு அமைப்பு (பெயர் வேண்டாம்) நடத்திய முகாமுக்கும் போயிருந்தேன். கையெழுத்து வாங்கினார்கள், அட்டையோடு போட்டோ எடுத்தார்கள், மூளைச்சாவு என்றால் என்ன என்று கேட்டவரிடம் 'எல்லாம் டாக்டர் பாத்துக்குவாங்க' என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். அதற்கு ஒன்றரை மார்க் கொடுத்தாலே அதிகம்.

எனக்கு இதில் அக்கறை வந்ததற்குக் காரணம் சித்தப்பா. வாரத்துக்கு மூன்று முறை டயாலிசிஸ், ஒவ்வொரு முறையும் நாலு மணி நேரம். டயாலிசிஸுக்காக அவர் இடது முழங்கைக்குக் கீழே இரண்டு ரத்தக்குழாய்களை இணைத்து 'பிஸ்டுலா' போட்டிருக்கிறார்கள். அதன் மேல் விரல் வைத்தால் தோலுக்கு அடியில் விர்ரென்று அதிரும். அந்தக் கையில் பிபி பார்க்கக் கூடாது, ஊசி போடக் கூடாது, கனமான பை தூக்கக் கூடாது. கல்யாணப் பந்தியில் உட்கார்ந்தால் ஊறுகாய் கிடையாது, வாழைப்பழம் கிடையாது, இளநீர் அறவே கிடையாது. தண்ணீரைக்கூட டம்ளர் கணக்கில் குடிக்கிறவருக்குச் சித்திரை வெயில் எப்படி இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். சிறுநீரகத்துக்குப் பதிந்துவிட்டுக் காத்திருக்கிறார். முதலமைச்சர் காப்பீட்டில் மாற்று அறுவை சிகிச்சைக்கும் இடமிருக்கிறது, மதுரையிலும் திருச்சியிலும் செய்கிறார்கள். கிடைக்காதது சிறுநீரகம்தான்.

சரி, குறைக்கு வருவோம். அட்டை கையில் இருந்தாலும், நடைமுறையில் உறுப்பை எடுக்க வேண்டிய நேரத்தில் ஆஸ்பத்திரி கேட்பது குடும்பத்தாரின் சம்மதத்தை. விபத்தில் தலையில் அடிபட்டு, மூச்சு வெண்டிலேட்டரில் ஓடிக்கொண்டிருக்கும், நெஞ்சு ஏறி இறங்கும், உடம்பு சூடாகவே இருக்கும். நாலு டாக்டர் கொண்ட குழு, குறைந்தது 6 மணி நேர இடைவெளியில் இரண்டு முறை பரிசோதித்துத்தான் மூளைச்சாவு என்று சான்று தருகிறது. இது கோமா இல்லை, திரும்பி வரவே முடியாத நிலை. ஆனாலும் அந்த வராந்தாவில் நின்று முதல் முறையாக இதைக் கேள்விப்படுகிற வீட்டுக்காரர்கள் எப்படிச் சரி என்பார்கள்? வீட்டில் சொல்லிவையுங்கள் என்ற விஷயத்தை அந்த இணையதளம் கொட்டை எழுத்தில், பதிவு முடிகிற இடத்திலேயே கேட்க வேண்டும். ஒரு மார்க் அதற்குத்தான் குறைந்தது.

எங்கள் பக்கத்தில் இது இன்னும் சிக்கல். பிள்ளைகள் சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் சென்னையிலும் இருப்பார்கள், அத்தனை பெரிய வீட்டில் வயசான இரண்டு பேர் மட்டும் இருப்பார்கள். ஒருவர் போய்விட்டால், மகன் திருச்சி வந்து இறங்கட்டும், பங்காளிகள் கூடட்டும் என்று எல்லாமே காத்திருக்கும். கண் காத்திருக்காது, 6 மணி நேரத்துக்குள் எடுத்தாக வேண்டும். வீட்டில் இயற்கையாக இறந்தவரிடமிருந்து சிறுநீரகமோ கல்லீரலோ எடுக்க முடியாது, ஆனால் கண் எடுக்கலாம், கண் வங்கிக்காரர்கள் வீட்டுக்கே வருவார்கள், அரை மணி நேரம்கூட ஆகாது. அதுவரை மின்விசிறியை நிறுத்திவிட்டு, இமைகளை மூடி ஈரப் பஞ்சு வைத்து, தலைக்குத் தலையணை கொடுத்து உயர்த்தி வைத்தால் போதும். இந்த விவரம் எந்த அட்டையின் பின்பக்கத்தில் இருக்கிறது?

சிங்கப்பூரில் பிஆர் (நிரந்தரமாகத் தங்கும் உரிமை) வாங்கிய அண்ணனுக்குப் போன் போட்டுச் சொன்னால் அவர் சிரிக்கிறார். அங்கே 1987லேயே சட்டம் வந்துவிட்டது, வேண்டாம் என்று எழுதிக் கொடுக்காதவர்கள் எல்லாம் தானம் செய்யச் சம்மதித்தவர்கள் என்றே கணக்கு, அவரும் அதில் சேர்த்தி. இங்கே 2008ல், விபத்தில் மூளைச்சாவு அடைந்த பள்ளி மாணவன் ஹிதேந்திரனின் பெற்றோர், இருவருமே டாக்டர்கள், மகனின் உறுப்புகளைக் கொடுத்த பிறகுதான் தமிழ்நாட்டில் நிறையப் பேருக்கு இப்படி ஒன்று இருப்பதே தெரிந்தது. 2023 செப்டம்பரிலிருந்து உறுப்பு தானம் செய்தவர்களின் இறுதிச் சடங்கு அரசு மரியாதையோடு நடக்கிறது. ஊரே திரண்டு பார்க்கிற மரியாதை அது, முகாம் போட்டோக்களைவிட நூறு மடங்கு வேலை செய்யும் என்பது என் அபிப்பிராயம்.

அப்பத்தாவிடமும் பேசினேன். சாமி, மறுபிறவி என்று ஏதாவது சொல்வார் என்று பார்த்தால், அவர் கவலை வேறு. "மொகம் குழிஞ்சு போயிராதே? கடைசியா நாலு பேரு வந்து பாப்பாகல்ல?" குழியாது. பெரும்பாலும் கருவிழியை மட்டும் எடுப்பார்கள், முழுதாக எடுத்தாலும் இமையை ஒழுங்காக மூடிவிடுவார்கள். "அப்பச் சரி, எழுதிக்க" என்றார்.

நோட்டோவின் இலவச எண் 1800114770. இத்தனையையும் பங்காளிகள் வாட்ஸ்அப் குழுவில் போட்டேன், பெரியப்பா பதிலுக்கு ரோஜாப்பூ படத்தோடு குட் மார்னிங் அனுப்பினார். சாயங்காலம் அவரே போன் பண்ணி, சுகர் இருக்கே, கண்ணுல புரையும் எடுத்தாச்சே, எங்கண்ணு ஆகுமா என்று கேட்டார். ஆகும் என்றேன்.