கொழும்பில் சைக்கிள் பேக்கேஜ் வாங்கி யாழ்ப்பாணம் போகப்போகிறவர்கள் கவனத்துக்கு

இலங்கையில் நெடுந்தூரம் சைக்கிள் ஓட்ட ஆசைப்பட்டு, "வண்டி, ரூட், சப்போர்ட் எல்லாம் நாங்களே பாத்துக்குவோம்" என்று சொல்லும் கொழும்பு ஏற்பாட்டாளர் யாருக்காவது பணம் அனுப்பப்போகிறீர்களா? கொஞ்சம் பொறுத்து இதைப் படித்துவிடுங்கள். ஊர் தெரியாத இடத்தில் சுற்றிப் போக நேர்வது சகஜம், அதில் எனக்கு வருத்தமில்லை. அவர்கள் கொடுத்த தப்பான ரூட்டால் நான் சுற்றினேன். அந்தச் சுற்றுக்கான காசையும் என்னிடமே பிடித்துக்கொண்டார்கள். அதுதான் ஆறவில்லை.

திருச்சியிலிருந்து பேனியர் பைகளை (சைக்கிள் கேரியரின் இரு பக்கமும் தொங்கவிடுபவை) மட்டும் எடுத்துக்கொண்டு கொழும்பில் இறங்கினேன். வண்டி வாடகைக்குக் கொடுத்தவர் நம் தமிழ் ஆள்தான். "அண்ணா, இது நாங்க ஓடிப் பாத்த ரூட். ஒரு பிரச்சினையும் வராது" என்றார். நீர்கொழும்பு, புத்தளம், மன்னார், பூநகரி வழியாக மேற்குக் கரையோரமாகவே யாழ்ப்பாணம். ஜிபிஎக்ஸ் ஃபைல் (போனில் போட்டால் வழி காட்டும் ரூட் ஃபைல்), மன்னாரில் அறை, கூப்பிட்டால் வரும் வேன் எல்லாம் சேர்த்து ஒரு தொகை, டெபாசிட் தனி. பாஸ்போர்ட்டையும் கேட்டார். நகல் மட்டும்தான் தருவேன் என்று சொல்லிவிட்டேன். யார் கேட்டாலும், என்ன காரணம் சொன்னாலும் பாஸ்போர்ட்டைக் கொடுக்காதீர்கள்.

கொழும்பைத் தாண்டுவதற்குள்ளேயே சாயம் வெளுத்தது. பேலியகொடையில் அந்த ஃபைல் என்னை நேராக கட்டுநாயக்க அதிவேக நெடுஞ்சாலையில் ஏறச் சொன்னது. 2013-இல் திறந்த சாலை அது. சைக்கிள், ஆட்டோ, மோட்டார் சைக்கிள் எதையும் அதில் விடமாட்டார்கள். பொலிஸ்காரர் கையைக் காட்டித் திருப்பி அனுப்பினார். ஒருமுறையாவது அந்த வழியில் சைக்கிள் மிதித்தவர் இப்படி ஒரு ரூட்டைப் போட்டுக் கொடுத்திருக்க முடியாது. போன் மேப்பில் கார் பாதையைப் போட்டு அப்படியே இறக்கியிருக்கிறார்.

வத்தளையில் பஸ்களுக்கு நடுவே திணறிக்கொண்டிருந்தபோது, தேநீர்க் கடையில் ஒரு பெரியவர்தான் வழி சொன்னார்: "தம்பி, மெயின் ரோட்டை விடுங்க. ஹெந்தளைப் பக்கம் திரும்பி பமுனுகமவால போங்க, நீர்கொழும்பு வந்திரும்." ஒரு பக்கம் கடல், மறுபக்கம் வாய்க்காலும் களப்பும் (காயல்), வழியெல்லாம் தேவாலயங்கள். காசு வாங்காமல் அவர் சொன்ன பாதைதான் அன்றைக்கு என்னைக் காப்பாற்றியது.

பெரிய அடி புத்தளத்துக்கு வடக்கே. ஃபைல்படி எலுவன்குளம் வழியாக மன்னார் போக வேண்டும். அங்கே கலா ஓயா ஆற்றுக்கு மேல் இருப்பது தாழ்வான சப்பாத்துப் பாலம். வடகிழக்குப் பருவமழைக் காலம். பாலமே கண்ணில் படவில்லை, மேலே தண்ணீர் பாய்ந்துகொண்டிருந்தது. கரையில் நின்ற ஆட்டோக்காரர் சொன்னார்: "மேல ராஜாங்கனைக் குளத்துல வான்கதவு தொறந்திருக்காங்க. தண்ணி வத்தினாலும் அங்கால வில்பத்து. சைக்கிளை விடமாட்டாங்க." யானையும் சிறுத்தையும் கரடியும் இருக்கிற தேசியப் பூங்கா அது. எந்தப் பருவத்திலும் சைக்கிள் போக முடியாத வழியைத்தான் "ஓடிப் பாத்த ரூட்" என்று விற்றிருக்கிறார்.

வேனுக்குப் போன் செய்தேன். "காட்டுக்குள்ள விடாட்டி நாங்க என்ன செய்யிறது அண்ணா? வேன் வேணுமெண்டா எக்ஸ்ட்ரா." சொன்ன தொகை என் மொத்த பேக்கேஜில் பாதிக்கு மேல். வேண்டாம் என்று வைத்துவிட்டேன்.

புத்தளத்துக்கே திரும்பி, நொச்சியாகம, அனுராதபுரம், மதவாச்சி, மடு ரோடு, முருங்கன் என்று சுற்றி மன்னார் போய்ச் சேர்ந்தேன். நேர்வழியைப்போல் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு தூரம். நொச்சியாகம பக்கம் போகிறவர்கள் இதை மறக்காதீர்கள்: வெயில் சாய்வதற்கு முன் ஊருக்குள் வந்துவிட வேண்டும். அந்தி சாய்ந்தால் யானைகள் ரோட்டுக்கு வரும். வழியில் கேட்ட அத்தனை பேரும் இதைத்தான் சொன்னார்கள். நடுவில் பஞ்சர். கொடுத்தனுப்பிய உபரி ட்யூப் 26 இன்ச், வண்டி டயரோ 700சி அளவு, பொருந்தவில்லை. மன்னாரில், அன்றைக்கு வரவில்லை என்று அறைக் காசும் போயிற்று.

மன்னாரிலிருந்து பூநகரி, சங்குப்பிட்டிப் பாலம் வழியாக யாழ்ப்பாணம் போகும் ஏ32 வீதியைப் பற்றி நல்லதைத்தான் சொல்ல வேண்டும். நெரிசல் இல்லை, தரை சமம், எதிர்க்காற்று மட்டும்தான். இந்த ஆளால் அந்த வீதியை யாரும் தவறவிடக் கூடாது.

யாழ்ப்பாணத்திலிருந்து இரவு பஸ்ஸில் வண்டியைப் போட்டு கொழும்பு வெள்ளவத்தையில் வந்து இறங்கி, வண்டியைத் திருப்பிக் கொடுத்தேன். டெபாசிட்டில் பெரும்பகுதியைக் கழித்துவிட்டார். கூடுதல் கிலோமீட்டர், தாமதக் கட்டணம், டயர் தேய்மானம். நான் கையெழுத்துப் போட்ட தாளில் இப்படி ஒரு வரிகூட இல்லை. இழுப்பறையிலிருந்து வேறொரு கட்டணப் பட்டியலை எடுத்து நீட்டினார். ரூட் உங்களுடையதுதானே என்று கேட்டால், "நீங்களும் செக் பண்ணியிருக்கோணும் அண்ணா." பிடித்த காசுக்கு ரசீதும் தரவில்லை.

தாள், ஃபைல், பாலத்துப் படங்கள், போனில் பேசிய நேரம் எல்லாவற்றையும் வைத்து நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைக்கும் சுற்றுலா அபிவிருத்தி அதிகார சபைக்கும் புகார் எழுதிக் கொடுத்திருக்கிறேன். பதில் இன்னும் வரவில்லை. அங்கே இருக்கும்போதே பேச வேண்டுமென்றால் முதலாவதுக்கு 1977, இரண்டாவதுக்கு 1912.

இந்த வழிக்கு யாராவது ரூட் விற்றால், புத்தளத்திலிருந்து மன்னாருக்கு எப்படிப் போவது என்று முதலில் கேளுங்கள். அனுராதபுரம் சுற்றித்தான் போக வேண்டும் என்று அவரே சொன்னால் மேலே பேசலாம். வழி மாறினால் கிலோமீட்டர், தாமதம், அறைக் காசு ஆகியவை யார் தலையில் என்பதை அவர் கையால் எழுதி வாங்கிக்கொண்டு, அப்புறம் டெபாசிட்டைக் கொடுங்கள்.