"லொகேஷன் போடு": குமரி மாவட்டத்தில் ஜிபிஎஸ் பார்த்த கதை

ஊருக்குப் போய்விட்டு வந்தால் ரோடு எப்படி, ஆஸ்பத்திரி எப்படி, ஆதார் திருத்த எப்படி அலைந்தேன் என்றுதான் எல்லோரும் எழுதுகிறார்கள். எனக்கு இந்தத் தடவை கண்ணில் பட்டது வேறு. எங்கள் தக்கலைப் பக்கம் "லொகேஷன் போடு" என்பது இப்போது "சாப்பிட்டியா" மாதிரி ஆகிவிட்டது. ரப்பர் ஷீட் எடுக்க வருகிற வண்டிக்காரர், கல்யாண மண்டபத்துக்கு வழி கேட்கிற சொந்தக்காரர், கேஸ் சிலிண்டர் கொண்டுவரும் தம்பி, எல்லோருக்கும் லொகேஷன்தான் வேண்டும். இதில் எது நிஜமாக உதவுகிறது, எது சும்மா வண்டியில் ஒட்டிக்கொண்டு கிடக்கிறது என்று நான் பார்த்த மட்டில் எழுதுகிறேன். நான் மஸ்கட்டில் நர்ஸ். எலெக்ட்ரானிக்ஸ் படித்தவள் இல்லை, ஆனால் யாரைப் பார்த்தாலும் கேள்வி கேட்டுக் குடைகிற குணம் உண்டு.

மஸ்கட்டிலிருந்து திருவனந்தபுரம் வருகிற விமானம் நான் பிடித்தது விடியற்காலையில் இறங்குவது. அங்கிருந்து தக்கலை ஐம்பது கிலோமீட்டர் சொச்சம், நடுவில் களியக்காவிளையில் மாநிலம் மாறும். இருட்டில் தனியாக ஒரு பெண் டாக்சியில் வருவது எங்கள் வீட்டில் இன்றைக்கும் ஒரு விஷயம்தான். வண்டியில் பின்சீட்டுப் பக்கத்தூணில் சின்னதாக ஒரு சிவப்புப் பொத்தான் இருந்தது. கம்பெனியில் ஒட்டி அனுப்பிய பிளாஸ்டிக் தாளை இன்னும் உரிக்கவில்லை, அதன் ஓரத்தில் தூசி கோடு கட்டியிருந்தது. இது என்னது என்று கைநீட்டியதும் ஓட்டுநர் கண்ணாடியில் பார்த்துவிட்டு, "அமுக்கிராதீங்க அக்கா, அது எஃப்சிக்கு வேண்டி வச்சது" என்றார். எஃப்சி என்றால் வண்டி ஓடத் தகுந்தது என்கிற சான்றிதழ்.

அந்தப் பொத்தான் அலங்காரத்துக்கு வந்ததில்லை. ஏஐஎஸ் 140 என்று ஒரு தரவிதி இருக்கிறது. 2019 ஜனவரி 1 முதல் புதிதாகப் பதிவாகும் டாக்சி, பஸ் போன்ற பயணிகள் வண்டிகளில் இடம் காட்டும் கருவியும் ஆபத்துப் பொத்தானும் இருக்க வேண்டும் என்று மத்திய அரசு கொண்டுவந்தது. ஆட்டோவுக்கு விலக்கு. வண்டியின் பேட்டரியைப் பிடுங்கினாலும் கொஞ்ச நேரம் தாங்குகிற மாதிரி கருவிக்குள்ளேயே தனி பேட்டரி, உள்ளே ஒரு சிம், பொத்தானை அமுக்கினால் கட்டுப்பாட்டு மையத்துக்குச் சேதி போக வேண்டும் என்பதெல்லாம் விதியிலேயே உண்டு. காகிதத்தில் அருமையான ஏற்பாடு. அமுக்கினால் அந்தப் பக்கம் யார் எடுப்பார்கள் என்று கேட்டேன். அவருக்குத் தெரியவில்லை, ஓட்டுகிற காலம் முழுக்க யாரும் அமுக்கிப் பார்த்ததே இல்லையாம். எஃப்சி முடிந்தால் அதன் வேலை முடிந்தது.

அன்றைக்கு எனக்குக் காவலாக இருந்தது என் தங்கச்சி. வாட்ஸ்அப்பில் லைவ் லொகேஷன் எட்டு மணி நேரத்துக்குப் போட்டு அனுப்பிவிட்டேன் (பதினைந்து நிமிடம், ஒரு மணி நேரம், எட்டு மணி நேரம் என்று மூன்றுதான் அதில் உண்டு). அவள் தூங்காமல் உட்கார்ந்து "பாறசாலை தாண்டியாச்சா", "குழித்துறையில ஏன் நிக்குது" என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். ஓட்டுநருக்கும் அது காதில் விழ வேண்டும் என்றே வாய்ஸ் மெசேஜாகப் பதில் போட்டேன்.

மார்த்தாண்டத்தில் ஒரு வேடிக்கை. வண்டி மேம்பாலத்தில் ஏறி ஜம்மென்று போகிறது, செல்போனோ நாங்கள் கீழே சந்தைப் பக்கம் நெரிசலில் ஊர்ந்துகொண்டிருப்பதாக நினைத்துக்கொண்டு அடுத்த சந்திப்பில் திரும்பச் சொல்கிறது. இது எந்த மேம்பாலத்திலும் நடக்கும். ஜிபிஎஸ் கணக்கில் கிழக்கு மேற்கு, வடக்கு தெற்கு சரியாக வருகிற அளவுக்கு உயரம் சரியாக வராது, மேப்பும் மேலிருந்து பார்த்த படம்தானே, பாலமும் அடியில் உள்ள ரோடும் அதற்கு ஒரே கோடு. புதிதாக வருகிறவர்கள் அந்த இடத்தில் போனைக் கேட்காமல் போர்டைப் பாருங்கள்.

தங்கச்சியைக் கட்டிக்கொடுத்திருப்பது குலசேகரம் பக்கம். அவள் மகன் படிக்கிற பள்ளியின் பஸ்ஸில் ஜிபிஎஸ் உண்டு, அதற்கு ஒரு ஆப் உண்டு, அதற்கென்று பீஸும் உண்டு. சாயங்காலம் முக்கில் நின்று அந்தப் புள்ளியைப் பார்ப்பதே அங்கே தாய்மார்களுக்கு ஒரு வேலை. நானும் ஒரு நாள் கூட நின்றேன், மழை இருட்டிக்கொண்டு வந்தது. புள்ளி ஒரு ரப்பர் தோட்டத்து வளைவில் நின்றது நின்றபடி. கீழே சின்ன எழுத்தில் "கடைசியாகப் புதுப்பித்தது 14 நிமிடம் முன்பு". ஒரு அம்மாவுக்கு முகமே மாறிவிட்டது. அப்போதே பஸ் ஹாரன் அடித்துக்கொண்டு எதிரில் வந்து நின்றது. வந்து நின்ற பிறகுதான் ஆப்பில் புள்ளி ஒரே தாவாகத் தாவி எங்கள் முக்குக்கு வந்தது.

இதை அங்கே நின்றவர்களிடம் சொன்னேன், இங்கேயும் சொல்கிறேன், ஏனென்றால் நிறையப் பேருக்கு இதில் குழப்பம் இருக்கிறது. ஜிபிஎஸ் நம்மை எங்கும் காட்டிக்கொடுப்பதில்லை. சுமார் 20,200 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றுகிற செயற்கைக்கோள்கள் நேரத்தைச் சொல்லிக்கொண்டே இருக்கும், கருவி அதைக் கேட்கும், குறைந்தது நான்கு செயற்கைக்கோள்கள் கிடைத்தால் அது, தான் நிற்கிற இடத்தைக் கணக்குப் போடும். அதோடு சரி. அந்த இடத்தை நம் போனுக்குச் சொல்வது கருவிக்குள் இருக்கிற சிம் கார்டு. குலசேகரத்திலிருந்து பேச்சிப்பாறைப் பக்கம் மலையும் ரப்பரும் அடர்ந்த இடங்களில் டவர் விட்டுவிட்டுத்தான் கிடைக்கும், அப்போது கருவிக்குத் தன் இடம் தெரியும், வெளியே சொல்லத்தான் வழி இருக்காது. நல்ல கருவியானால் விட்டுப்போனதைச் சேர்த்துவைத்து டவர் வந்ததும் மொத்தமாக அனுப்பும். அதனால் புள்ளி நின்றதும் பதறாதீர்கள், முதலில் கீழே 'கடைசியாகப் புதுப்பித்தது' என்று காட்டுகிற நேரத்தைப் பாருங்கள். பஸ் நிஜமாக நின்றிருந்தால் அந்த நேரம் புதிதாகிக்கொண்டே இருக்கும், இடம் மட்டும் மாறாது. டவர் போயிருந்தால் நேரமே பழையதாக நிற்கும். இந்த ஒரு வித்தியாசத்தைப் பீஸ் வாங்குகிறவர்கள் பெற்றோருக்கு ஒரு தாளில் அச்சடித்துக் கொடுத்தால் என்ன?

ரயிலுக்கு இந்தத் தொல்லை குறைவு. இரணியல் ஸ்டேஷனில் நிற்கிறவர்கள் எல்லோர் கையிலும் 'வேர் இஸ் மை டிரெயின்' ஆப் இருக்கிறது. ரயிலுக்குள் உட்கார்ந்து பார்த்தால் அது செல்போன் டவரை வைத்தே இடம் சொல்லிவிடும், ஜிபிஎஸ்ஸும் வேண்டாம், நெட்டும் வேண்டாம். ரயில்வே தன் பங்குக்கு இஸ்ரோவோடு சேர்ந்து எஞ்சின்களில் கருவி வைத்து 30 விநாடிக்கு ஒரு தரம் இடத்தை வாங்குகிறது. டவுன் பஸ் கதைதான் அப்படியே இருக்கிறது. சென்னையில் மாநகரப் பஸ்ஸை ஆப்பில் பார்க்கிறார்கள், இங்கே நானோ பஸ் ஸ்டாப்பில் நின்று பக்கத்துப் பெட்டிக்கடையில் "போயாச்சா அண்ணாச்சி?" என்று கேட்டேன், அவர் "இப்பதான் போச்சு மக்கா" என்றார். அவர் சொன்னது துல்லியம், அதில் குறை சொல்ல முடியாது.

சரி, எனக்கு இந்தப் பயணத்தில் மனதில் நின்றது கடல்தான். குளச்சலில் என் அண்ணன் கூடப் படித்த ஒருவர் விசைப்படகில் போகிறார். அவருடைய நோட்டை ஒரு நாள் காட்டினார். உப்புத் தண்ணீர் பட்டு ஓரம் சுருண்ட நீள நோட்டு, பக்கம் பக்கமாக டிகிரி, நிமிடம், அதற்குப் பக்கத்தில் எத்தனை பாகம் (இரு கையும் விரித்த நீளம்) ஆழம், அடியில் பாரா (பாறைத் தரை) சேறா, எந்த மாதம் எந்த மீன். அவர் அப்பா காலத்தில் இது முழுக்கக் கணியம்: கரையில் தெரிகிற மலை உச்சியையும் கோயில் கோபுரத்தையும் நேர்கோட்டில் சேர்த்துப் பார்த்து இன்ன இடம் என்று மனதில் வைத்துக்கொள்வது. மலை மறைந்துவிட்டால் கணியம் கிடையாது. ஜிபிஎஸ் வந்த பிறகு கரை தெரியாத தூரத்திலும் அதே பாருக்குத் திரும்பிப் போக முடிகிறது. 2000 மே மாதம் வரை அமெரிக்கா பொதுமக்கள் வாங்குகிற ஜிபிஎஸ்ஸில் வேண்டுமென்றே பிழை கலந்து வைத்திருந்தது, அதை நிறுத்திய பிறகுதான் சாதாரணக் கருவியும் இவ்வளவு துல்லியமானது. நான் நோட்டை போட்டோ எடுக்கவா என்று கேட்டதும் படாரென்று மூடிவிட்டார். கஷ்டப்பட்டுக் கண்டுபிடித்த இடத்தை யார் சும்மா கொடுப்பார்கள்!

அப்புறம் பேச்சு ஒக்கி புயலுக்குப் போனது, எங்கள் கடற்கரையில் எந்தப் பேச்சும் அங்கே போய் ஒரு தரம் நின்றுதான் வரும். 2017 நவம்பர் 29, 30. ஆழ்கடலில் இருந்த படகுகளில் ஜிபிஎஸ் இருந்தது, வயர்லெஸ் இருந்தது, ஆனால் அந்த வயர்லெஸ் கரைக்கு எட்டாத தூரத்தில் அவர்கள் இருந்தார்கள். புயல் உருவாகிறது என்று இங்கிருந்து சொல்லவும் முடியவில்லை, தவிக்கிறோம் என்று அங்கிருந்து சொல்லவும் முடியவில்லை. தப்பியவர்களில் சிலர் லட்சத்தீவிலும் மகாராஷ்டிரத்திலும் குஜராத்திலும் போய்க் கரையேறினார்கள், எத்தனையோ பேர் வரவே இல்லை. அவர் சொன்னது: "கடலுக்குள்ள எங்க நிக்கோம்னு எங்களுக்குத் தெரியும் பிள்ளே. கரைக்குத் தெரியாது. அன்னைக்கு நடந்தது அதுதான்."

குலசேகரத்து ஸ்கூல் பஸ்ஸுக்கும் இதற்கும் உள்ளே இருக்கிற கோளாறு ஒன்றுதான், விலைதான் வேறு. இப்போது விசைப்படகுகளில் டிரான்ஸ்பாண்டர் வைக்கிறார்கள், அது செல்போன் டவரை நம்பாமல் இஸ்ரோவின் செயற்கைக்கோள் வழியாகவே இரண்டு பக்கமும் சேதி கொண்டுபோகும். படகிலிருந்து ஆபத்துச் சேதி அனுப்பலாம், கரையிலிருந்து வானிலை எச்சரிக்கை படகுக்கு வரும், புளூடூத்தில் போனோடு இணைத்துத் தமிழிலேயே வாசிக்கலாம். நாடு முழுக்க ஒரு லட்சம் படகுகளுக்கு இலவசமாக வைக்கிற திட்டத்தை 2024 ஆகஸ்டில் தொடங்கினார்கள். இவருடைய படகிலும் இருக்கிறது. ஆனால் அதிலும் ஒரு முணுமுணுப்பு உண்டு: நாங்கள் எந்தப் பாரில் நிற்கிறோம் என்று எல்லோருக்கும் தெரிந்துபோகாதா? நோட்டை மூடியவர் கேட்கிற கேள்வி, நியாயமான கேள்வியும்கூட. அதிகாரிகள் கூட்டம் போட்டு விளக்க வேண்டிய இடம் இதுதான், சுவிட்சை அணைத்து வைத்தால் தண்டனை என்று மிரட்டினால் வேலைக்கு ஆகாது.

அதே கேள்வியை எங்கள் வீட்டிலேயே இன்னொருத்தி கேட்டாள். அண்ணன் மகள் கல்லூரிக்குப் போகிறாள், அவள் போனில் லொகேஷன் எப்போதும் அண்ணன் போனுக்குத் தெரிகிற மாதிரி வைத்திருக்கிறார்கள். வடசேரி பஸ் ஸ்டாண்டில் கூடுதலாகக் கொஞ்ச நேரம் நின்றால் போன் வந்துவிடும். "அத்தே, நான் எங்க நிக்கேன்னு பாக்கிற அப்பா, பஸ் நேரத்துக்கு வருதான்னு ஒருநாளாவது கேட்டிருக்காரா?" என்றாள். எனக்குச் சிரிப்பு வந்தது, அண்ணனுக்கு வரவில்லை. ராத்திரி டூட்டி முடிந்து வருகிற பெண்ணுக்கு லைவ் லொகேஷன் நல்ல துணைதான், நானே நம்பி வந்தேன். அதை நான் போட்டேன், நான் வீட்டில் இறங்கியதும் நிறுத்தினேன். இருபத்துநாலு மணி நேரமும் ஒருத்தர் மேலே உட்கார்ந்து பார்ப்பதைப் பாதுகாப்பு என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அவளுக்குத் தமிழ்நாடு போலீசின் 'காவல் உதவி' ஆப்பை ஏற்றிக் கொடுத்தேன், 112 என்கிற அவசர எண்ணையும் சொல்லி வைத்தேன். தேவைப்படும்போது அவள் அமுக்கட்டும்.

கடைசியாக, பயன்படுகிற ஒன்று. நான் இருக்கும்போதே பக்கத்து வீட்டுப் பாட்டி குளியலறையில் விழுந்து இடுப்பெலும்பு போய்விட்டது. 108க்கு அடித்தோம், உடனே எடுத்தார்கள், வண்டியும் கிளம்பிவிட்டது. வழி சொல்வதில்தான் சிக்கல். எங்கள் ஊரில் யாரைக் கேட்டாலும் "குருசடி பக்கத்துல இறங்கி உள்ள வரணும்" என்பார்கள், அந்த ரோட்டில் குருசடிகள் (சிலுவை வைத்த சின்னக் கோயில்கள்) வரிசையாக இருக்கின்றன. ஆம்புலன்ஸ் ஓட்டுநர் திரும்பக் கூப்பிட்டதும் அந்த எண்ணுக்கே வாட்ஸ்அப்பில் லொகேஷன் போட்டேன், நேரே வாசலுக்கு வந்து நின்றது.

ஆனால் நான் இல்லாத நாளில் அம்மாவுக்கு லொகேஷன் போடத் தெரியாதே. அதனால் ஒரு தாளில் 108, 112, வீட்டுக்குப் பெரிய எழுத்தில் வழி, அதற்கடியில் அட்சரேகையும் தீர்க்கரேகையும் எழுதிக் கதவுக்கு உள்பக்கம் ஒட்டிவிட்டேன். மேப்பில் உங்கள் வீட்டின் மேல் விரலை அழுத்திப் பிடித்தால் இரண்டு எண்கள் வரும். நம் மாவட்டத்தில் எந்த வீடானாலும் முதல் எண் 8இலும் இரண்டாவது 77இலும் தொடங்கும். புள்ளிக்குப் பிறகு நான்கு இலக்கம் எழுதினால் பதினோரு மீட்டர் வரை சரியாக இருக்கும், வீட்டைக் கண்டுபிடிக்க அது தாராளம். வரிசையை மட்டும் மாற்றி எழுதிவிடாதீர்கள், 77ஐ முதலில் போட்டால் ஆம்புலன்ஸ் வடதுருவத்துப் பக்கம் கடலில் போய் நிற்க வேண்டியிருக்கும்.