காட்டு யானை பார்க்க எங்கே போகலாம்? எண்ணிக்கையை விடுங்கள்

போட்ஸ்வானாவில் மட்டும் ஏறக்குறைய 1,30,000 யானைகள் இருக்கின்றன. வேறெந்த நாட்டிலும் இவ்வளவு கிடையாது. சரி, அங்கேயே போய்விடலாம் என்று டிக்கெட் போடுவதற்கு முன் ஒரு நிமிடம். எத்தனை யானை தெரிந்தது என்பதைவிட, ஒரே கூட்டத்தை யாரும் விரட்டாமல் ஒரு மணி நேரம் பார்க்க முடிந்ததா என்பதுதான் என் அளவுகோல். முதல் பத்து நிமிடம் யானை நம்மைத்தான் பார்க்கும். அதற்கப்புறம்தான் அது தன் வேலையைப் பார்க்கத் தொடங்கும்.

இந்த அளவுகோலில் கென்யாவின் அம்போசெலியை அடித்துக்கொள்வது கஷ்டம். 392 சதுர கிலோமீட்டர்தான், சின்னப் பூங்கா. ஆனால் பெரும்பகுதி வெட்டவெளி. கிளிமஞ்சாரோ மலையின் தண்ணீர் நிலத்தடியில் ஓடிவந்து இங்கே சதுப்பாக ஊறுகிறது. மழையில்லாத மாதங்களில் காலையில் கூட்டம் கூட்டமாகப் புழுதி கிளப்பிக்கொண்டு வரும். சதுப்பில் இறங்கி நாள் முழுக்க மேய்ந்துவிட்டு மாலையில் திரும்பும். கரையேறும்போது வயிறு வரை கறுப்பு, அதற்கு மேலே வெளிர்ச் சாம்பல், சுவருக்கு இரண்டு வண்ணம் அடித்த மாதிரி இருக்கும். யானை ஆய்வாளர் சிந்தியா மோஸ் 1972-இல் இங்கே தொடங்கிய ஆய்வு இன்னும் நடக்கிறது. காது விளிம்பின் கிழிசலையும் ஓட்டையையும் வைத்து ஒவ்வொரு யானையையும் அடையாளம் வைத்திருக்கிறார்கள். தலைமுறை தலைமுறையாக ஜீப்பைப் பார்த்தே வளர்ந்த கூட்டங்கள் என்பதால், வண்டியைப் பெரும்பாலும் சட்டை செய்வதில்லை.

போட்ஸ்வானாவின் சோபே ஆற்றங்கரைப் பூங்காவில் விசேஷம் படகுதான். இன்ஜினை அணைத்துவிட்டால் கண்மட்டத்தில் யானையின் முழங்கால் இருக்கும். மே முதல் அக்டோபர் வரை, பிற்பகல் வெயில் சாயும்போது கூட்டங்கள் ஆற்றுக்கு இறங்கும். நடுவிலுள்ள செடுடு தீவின் புல்லுக்காக நீந்திக் கடப்பதும் உண்டு: தும்பிக்கை நுனி மட்டும் தண்ணீருக்கு மேலே, குட்டி பெரியவர்களுக்கு நடுவே. இந்தத் தீவு யாருக்கு என்று போட்ஸ்வானாவும் நமீபியாவும் சர்வதேச நீதிமன்றம் வரை போய், 1999-இல் போட்ஸ்வானா ஜெயித்தது. யானைகளுக்கு அந்த வழக்கு தெரியாது.

ஆசியப் பக்கம் வந்தால், இலங்கையின் மின்னேரியாவுக்குத்தான் பெயர் அதிகம். மகாசேன மன்னன் கட்டிய குளம். ஆகஸ்ட், செப்டம்பரில் தண்ணீர் வற்றும்போது கரையில் முளைக்கும் புல்லுக்கு நூற்றுக்கணக்கில் கூடும். குட்டைப் புல்லைத் தின்பதைக் கிட்டே பார்க்கவேண்டும். முன்னங்காலின் நகத்தால் உதைத்துப் பெயர்த்து, தும்பிக்கையால் சுருட்டி, காலில் நாலு தட்டு தட்டி மண்ணை உதறிவிட்டுத்தான் வாய்க்குப் போகும். ஆனால் இரண்டு குறை. ஒன்று, ஜீப் கூட்டம். சில மாலைகளில் யானையைச் சுற்றி வண்டி வளையமே நிற்கும். இரண்டு, மேலே மொரகஹகந்த நீர்த்தேக்கம் வந்த பிறகு கோடையிலும் குளம் நிரம்பி, புல் மூழ்கிய ஆண்டுகள் உண்டு. அப்போது பக்கத்துக் கவுடுல்லைக்குத்தான் ஓடவேண்டும். மாதக் கணக்கு ஒத்துவராதவர்களுக்கு உடவளவை மேல். அங்கே ஆண்டு முழுக்க யானை உண்டு. கொம்பன் பார்க்கும் ஆசையோடு மட்டும் இலங்கைக்குப் போகாதீர்கள், அங்கே ஆண் யானைகளிலும் தந்தமுள்ளவை மிகக் குறைவு.

கொம்பன் வேண்டுமென்றால் கர்நாடகத்தின் கபினி. 1974-இல் கட்டிய அணையின் பின்நீர், ஒரு கரையில் நாகரஹொளே, மறுகரையில் பந்திப்பூர். ஏப்ரல், மே மாதங்களில் இரண்டு காட்டிலிருந்தும் கரைக்கு இறங்கும். மின்னேரியாவைவிட எனக்கு இதுதான் பிடிக்கும். ஆனால் சஃபாரிக்கு நேரக்கட்டு உண்டு. கூட வந்தவர்கள் புலி புலி என்று துடித்தால், யானைக்கு ஐந்து நிமிடம் கிடைப்பதே அபூர்வம். அதனால் ஜீப்பைவிடப் படகில் போவதே நல்லது.

நேரம் முழுக்க நம் கையில் இருக்கவேண்டுமா? தென்னாப்பிரிக்காவின் அட்டோவுக்குச் சொந்தமாகக் கார் ஓட்டிப் போகலாம். தண்ணீர்க் குட்டை அருகே இன்ஜினை அணைத்துவிட்டு, வாயில் மூடும் நேரம் வரை உட்கார்ந்திருக்கலாம். 1931-இல் 11 யானைகளோடு தொடங்கிய பூங்கா, இன்று 600-க்கும் மேல். அங்குள்ள பெண் யானைகளில் பெரும்பாலானவற்றுக்குத் தந்தம் கிடையாது. காதை மறைத்துவிட்டுப் பார்த்தால் நம்மூர்ப் பிடி என்றே நினைக்கத் தோன்றும்.

உண்மையைச் சொன்னால், என் அளவுகோலுக்கு முதலிடம் மத்திய ஆப்பிரிக்கக் குடியரசின் ட்ஸாங்கா பாய்க்குத்தான். மழைக்காட்டு நடுவே ஒரு திறந்தவெளி. மண்ணிலுள்ள உப்புச்சத்துக்காகக் காட்டு வகை ஆப்பிரிக்க யானைகள் பத்து, நூறு என்று வரும். நாள் முழுக்க மரமேடையில் உட்கார்ந்து பார்க்கலாம். ஆனால் அந்த நாட்டுக்குப் போய்ச்சேர்வதே தனிப் பாடு. சேர்ந்தாலும் மேடைக்கு ஜீப் போகாது. ஓடைத் தண்ணீரில் இறங்கிக் காட்டுக்குள் நடக்கவேண்டும், யானைகளும் போகும் அதே தடத்தில்.