கூரைக் கூடாரத்தில் 112 இரவுகள்

நான்கு பயணங்களில் மொத்தம் 112 இரவுகள் வண்டியின் கூரைமேல் தூங்கியிருக்கிறோம், நானும் என் மனைவியும். முதல் பயணம் வாடகை வண்டியில். அப்புறம் ஜோகன்னஸ்பர்க்கில் வேலையில் இருந்தபோது ஒரு பழைய டொயோட்டா ஹைலக்ஸ் வண்டி வாங்கி, அதன்மேல் விரித்து ஏணியில் ஏறிப் படுக்கும் கூரைக் கூடாரம் ஒன்றை மாட்டிக்கொண்டோம். நமீபியா, போட்ஸ்வானா, ஜிம்பாப்வே, ஜாம்பியா என்று அதே கூடாரம்தான் எல்லா இடத்துக்கும் வந்தது. வாங்கலாமா, வாடகைக்கு எடுத்தால் போதுமா, சிங்கம் நடமாடும் இடத்தில் அதில் தூங்கினால் பத்திரமா என்று கேட்கும் நண்பர்களுக்கு இதுவரை துண்டு துண்டாகச் சொல்லி வந்ததைச் சேர்த்து எழுதுகிறேன்.

முதலில் பத்திரம். உயரத்தில் படுத்தால் பயமில்லை என்று நினைத்துத்தான் நாங்களும் வாங்கினோம். மானா பூல்ஸில் ஓர் இரவு அந்த நினைப்பு மாறியது.

ஜிம்பாப்வேயின் வடக்கு எல்லையில் ஜாம்பேசி ஆற்றங்கரையில் இருக்கிறது மானா பூல்ஸ். 1984 முதல் யுனெஸ்கோ பட்டியலில் உள்ள காடு. முகாமைச் சுற்றி வேலி கிடையாது. ஆற்றங்கரை முழுக்க 'ஆனா' என்ற பெயருடைய மரங்கள். மழையில்லாக் காலத்தின் கடைசியில் அவற்றின் காய்கள் உதிரும். ஆரஞ்சு நிறத்தில், வெயிலில் போட்ட ஆப்பிள் தோல் போலச் சுருண்டிருக்கும். யானைகளுக்கு அது உயிர். பாஸ்வெல் என்று பேர் வாங்கிய ஆண் யானை பின்னங்கால்களில் எழுந்து நின்று கிளை ஒடிப்பது இந்த மரங்களில்தான். நாங்கள் போனது செப்டம்பரில். பகலில் தாங்க முடியாத வெயில், நிழல் வேண்டும் என்று ஆனா மரத்தின் கீழேயே வண்டியை நிறுத்திவிட்டோம். அது எங்கள் தப்பு.

இரவு இரண்டு மணி இருக்கும். வெற்றிலைப் பாக்கை யாரோ நிதானமாக மெல்வது போல ஒரு சத்தம். கண்ணைத் திறந்தால் கொசுவலைக்கு அந்தப் பக்கம் சாம்பல் நிறச் சுவர். படுத்திருந்த எங்கள் முகத்துக்கு நேர் உயரத்தில் அதன் கண். நிலா வெளிச்சத்தில் இமைமுடி தெரிந்தது, ஒவ்வொன்றும் நீளமாக, கீழ்நோக்கி வளைந்து. "மூச்சு மட்டும் விடுங்க, அசையாதீங்க" என்றாள் மனைவி, உதடு பிரியாமல். தும்பிக்கை நுனியால் ஒரு காயை எடுத்து, அதை வைத்துக்கொண்டே இன்னொன்றை எடுத்து, மூன்று நான்கு சேர்ந்ததும் வாய்க்குள் போட்டுக்கொண்டது. அதன் வயிற்றுக்குள் உருண்ட சத்தம் எங்கள் மெத்தை வழியாக முதுகில் கேட்டது. ஏறக்குறைய நாற்பது நிமிடம். போகும்போது ஏணியைச் சுற்றிக்கொண்டு போனது. காலையில் இறங்கிப் பார்த்தேன்: ஏணிக்கும் கால் தடத்துக்கும் நடுவே ஒரு சாண் இடைவெளி.

ஆக, உயரம் யானைக்கு முன்னால் ஒன்றுமே இல்லை. அது நினைத்திருந்தால் எங்களை மெத்தையோடு இழுத்துப் போட்டிருக்கலாம். அதற்குத் தேவையானது கீழே கிடந்தது, எங்களிடம் எதுவும் இல்லை, அவ்வளவுதான். மானா பூல்ஸுக்குள் ஆரஞ்சு போன்ற பழங்களைக் கொண்டுவரக் கூடாது என்று விதி வைத்திருப்பதன் காரணம் எனக்கு அன்றைக்குத்தான் முழுதாகப் புரிந்தது. பழ வாசனைக்குப் பழகிய யானை வண்டியைத் திறந்து பார்க்கும்.

சிங்கம், கழுதைப்புலி விஷயத்திலும் கணக்கு அதேதான். ஜிப் மூடிய கூடாரத்தை அவை ஒரு பாறை, ஒரு புதர் மாதிரித்தான் எடுத்துக்கொள்கின்றன என்று அங்கே வழிகாட்டிகள் திரும்பத் திரும்பச் சொல்வார்கள். புழுக்கமாக இருக்கிறது என்று கதவைத் திறந்துபோட்டுத் தூங்குவதுதான் ஆபத்து. தரையிலும் சரி, கூரையிலும் சரி. மானா பூல்ஸில் பல வருடங்களாக வந்துபோகிறவர்களில் நிறையப் பேர் தரைக் கூடாரத்தில்தான் படுக்கிறார்கள், நிம்மதியாகத் தூங்குகிறார்கள்.

உண்மையான பாதுகாப்பு, பொழுது சாய்வதற்கு முந்தைய ஒரு மணி நேரத்தில் இருக்கிறது. இது தெரியாமல் சவூட்டியில் ஒரு பாத்திரத்தைப் பறிகொடுத்தோம். போட்ஸ்வானாவின் சோபே தேசியப் பூங்காவுக்குள் இருக்கும் முகாம் அது. அங்கே ஒரு காலத்தில் யானைகள் தண்ணீருக்காகக் குழாய்களையே பிடுங்கிப்போட, இப்போது குளியலறைக் கட்டடத்தைச் சுற்றிக் கோட்டை மாதிரி தடித்த சுவர் எழுப்பியிருக்கிறார்கள். எங்கள் முதல் பயணம். ஆட்டுக்கறி சமைத்த இரும்புச் சட்டியைக் காலையில் கழுவலாம் என்று கணப்பின் பக்கத்திலேயே விட்டுவிட்டு மேலே ஏறிவிட்டோம். நள்ளிரவில் மணலில் இரும்பு இழுபடும் சத்தம். டார்ச் அடித்தால், சரிந்த முதுகும் தடித்த கழுத்துமாகக் கழுதைப்புலி, சட்டியின் விளிம்பைக் கடித்தபடி எங்களை ஒருமுறை நிமிர்ந்து பார்த்துவிட்டு இருட்டுக்குள் போனது. வெளிச்சம் அதைக் கொஞ்சமும் தொந்தரவு செய்யவில்லை. சட்டி போனது பெரிதில்லை. மனிதர் தங்கும் இடத்தில் கறி கிடைக்கும் என்று அந்த விலங்குக்கு நாங்கள் ஒரு பாடம் நடத்திவிட்டோமே, அதுதான் இன்றும் உறுத்துகிறது. அடுத்த இரவு அதே இடத்தில் படுப்பவர் வேறு யாரோ.

அதிலிருந்து ஐந்து மணிக்குச் சமையல், ஆறுக்குள் சாப்பாடு. பாத்திரம், தட்டு, குப்பை, எண்ணெய்த் துணி, சோப்பு எல்லாம் வண்டிக்குள். செருப்பைக்கூட ஏணிக்குக் கீழே விடக் கூடாது, தோல் செருப்பென்றால் நரியோ கழுதைப்புலியோ தூக்கிக்கொண்டு போய்விடும். பாத்திரம் கழுவிய தண்ணீரை முகாமிலிருந்து தள்ளி ஊற்ற வேண்டும். போட்ஸ்வானாவின் மத்திய கலஹாரியில் இது ரொம்ப முக்கியம். சுமார் 52,800 சதுர கிலோமீட்டர், கேரளாவைவிடப் பெரிய காடு. டிசெப்ஷன் பள்ளத்தாக்குப் பக்கத்து முகாம்களில் சொட்டுத் தண்ணீர் கிடையாது. குடிக்க, குளிக்க எல்லாம் நாம் சுமந்து போக வேண்டும். வாளியில் கொஞ்சம் ஈரம் இருந்தால் போதும், தேனீக்கள் நூற்றுக்கணக்கில் வந்து மொய்த்துவிடும்.

இரவில் கீழே இறங்குவது பற்றி எல்லாரும் கேட்கத் தயங்குகிறார்கள், ஆனால் தெரிந்துகொள்ள வேண்டிய விஷயம். இறங்காதீர்கள். வாய் அகன்ற பாட்டில் ஒன்று, மூடி போட்ட சிறு வாளி ஒன்று, இரண்டையும் மேலேயே வைத்துக்கொள்ளுங்கள். இறங்கியே தீர வேண்டுமானால் டார்ச்சை வண்டியைச் சுற்றி ஒரு முழு வட்டம் அடித்துப் பாருங்கள், வண்டிக்கு அடியிலும். எங்கேயாவது கண் மின்னினால் மறுபடி படுத்துவிடுவது நல்லது. ஜாம்பியாவின் தெற்கு லுவாங்குவா பூங்காவில், ஆற்றங்கரையில் ஒரு நீர்யானை எங்கள் வண்டியை ஒட்டி மேய்ந்துகொண்டிருந்தது. ஆற்றில் பகல் முழுக்கக் கிடந்துவிட்டு இரவில் புல்லுக்காகக் கரையேறும் விலங்கு. தொழுவத்தில் மாடு புல் இழுப்பது போன்ற அதே சத்தம், பத்து மடங்கு பெரிதாக. அதற்கும் ஆற்றுக்கும் நடுவில் மட்டும் நாம் போய் நிற்கக் கூடாது.

இப்போது கூடாரம். பருத்தியும் பாலியஸ்டரும் கலந்த தடித்த கேன்வாஸ் எங்களுடையது. நான்கு வருடமாகக் கிழியவில்லை, வெயிலில் வெளுத்திருக்கிறது, அவ்வளவே. நல்ல மழையிலும் ஒழுகவில்லை. குளிரில்தான் கஷ்டம்: ஜூலையில் கலஹாரி இரவுகள் பூஜ்யத்துக்குக் கீழே போகும், நம் மூச்சுக்காற்றின் ஈரம் உள்பக்கம் படிந்து விடிகாலையில் தலையில் சொட்டும். மேல் ஜன்னலை வலை மட்டும் விட்டு நான்கு விரல் அளவு திறந்து வைத்தால் குறையும். கூடவே வந்த மெத்தை மெலிசு; இருபதாவது இரவுக்குமேல் இடுப்பு வலித்தது. அதை எடுத்துவிட்டு 8 சென்டிமீட்டர் ஃபோம் போட்டபிறகு வலி இல்லை, ஆனால் மடித்து மூடுவதற்கு இரண்டு பேர் முழங்கால் போட்டு அழுத்த வேண்டியிருக்கிறது.

ஜிப்தான் பலவீனம். வாடகை வண்டியில் இருந்த கூடாரத்தின் உறை ஜிப் ஒன்பதாவது நாளே பல் விட்டது. வண்டி கொடுத்தவர்களுக்குப் போன் செய்தால் கயிறு போட்டுக் கட்டிக்கொள்ளுங்கள் என்றார்கள். மிச்சப் பயணம் முழுவதும் புழுதி உள்ளே வந்து படுக்கை செம்மண் நிறமானது. சொந்தக் கூடாரத்துக்கு வாரம் ஒருமுறை பிரஷ்ஷால் மணலைத் தட்டிவிட்டு மெழுகுவத்தியைத் தேய்க்கிறோம். எண்ணெய் போடாதீர்கள், மணல் ஒட்டிக்கொள்ளும். இதுவரை ஒரு ஜிப்பும் போகவில்லை.

காற்றுக்கும் இது ஆகாது. நமீபியாவின் செஸ்ரியத்தில் சாயங்காலம் கிளம்பிய காற்றில் கேன்வாஸ் விடியும்வரை படபடவென்று அடித்துக்கொண்டது. கடைசியில் முன் சீட்டில் உட்கார்ந்தே தூங்கினோம்.

கூடாரத்துக்குச் சேதம் வந்தது பகலில்தான். போட்ஸ்வானாவின் மொரேமி காட்டில், தர்ட் பிரிட்ஜ் முகாமில், ஈரம் காயட்டும் என்று கதவைத் திறந்துவைத்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்திருந்தோம். நாங்கள் ஆற்றைப் பார்த்த இரண்டு நிமிடத்தில் ஒரு பபூன் குரங்கு ஏணியில் ஏறி உள்ளே போய், தலையணை உறையைப் பிரித்து, வெளியே வரும்போது கொசுவலையைக் கிழித்துக்கொண்டு வந்தது. ஊசி நூலால் என் மனைவி தைத்த தையல் இன்னும் இருக்கிறது.

பெரிய அசௌகரியம் ஒன்று உண்டு. விடியலில் விலங்கு பார்க்கக் கிளம்ப வேண்டுமென்றால் வீட்டையே மடித்துக்கொண்டு கிளம்ப வேண்டும். பழகிய பிறகும் எங்களுக்குப் பன்னிரண்டு நிமிடம் ஆகிறது. சிறுத்தை நடமாடும் நேரம் அதுதான். ஒரே முகாமில் நான்கைந்து நாள் தங்குகிறவர்களுக்குத் தரைக் கூடாரமே நல்லது. நமீபியாவின் எட்டோஷா பூங்காவில் உள்ள ஒகௌகுவேயோ போல வேலி போட்ட முகாம்களுக்கு மட்டும் போகிறீர்கள் என்றாலும் கூரைக் கூடாரத்துக்குச் செலவு செய்ய வேண்டாம். சின்னப் பிள்ளைகள் இருந்தால் இன்னும் யோசியுங்கள். தூக்கக் கலக்கத்தில் ஏணியில் இறங்கிவிடுவார்கள்.

ஆனால் தினம் ஓர் ஊர் மாறுகிற நீண்ட பயணம் என்றால் தயங்காமல் வாங்குங்கள். மேடு பள்ளம், முள், தேள், எறும்பு எதையும் பார்க்க வேண்டாம். படுக்கை விரித்தபடியே மடிந்து கிடக்கும். தரையைவிட மேலே நல்ல காற்று. மூன்று பக்கமும் வலை வைத்துப் படுத்தால், தூரத்தில் சிங்கம் கத்துவதும் அதற்கு இன்னொன்று பதில் சொல்வதும் எந்தத் திசையில் என்று படுத்தபடியே சொல்லிவிடலாம்.

அடுத்த ஜூனில் மறுபடி மானா பூல்ஸ் என்று முன்பதிவு செய்திருந்தேன். ஆனா காய் உதிர ஆரம்பிக்கும் முன்பே போய்விடலாம் என்றேன். "இல்லைங்க, செப்டம்பரிலேயே போவோம், வண்டியைத் தள்ளி நிறுத்திக்கலாம்" என்கிறாள் மனைவி. முன்பதிவு தேதியை மாற்றியிருக்கிறேன்.